ஒரு வெடியின் விலை

சிக்கனம் ஓர் அறம் என்று நாம் சிறுவயது முதலே கற்பிக்கப்பட்டு வருகிறோம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியை அறியாத தமிழ் மாணவன் இல்லை. ஆனால் அளக்கவேண்டியது எது, அளக்காமல் விடப்படுவது எது என்ற கேள்வியை அந்தப் பழமொழி எழுப்புவதில்லை. கடைக்காரனின் பேரேட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்திகள் உண்டு. ஏழையின் கணக்கிலோ எழுதப்படாத மூன்றாவது பத்தி ஒன்று எப்போதும் இருக்கிறது. அவனுடைய உழைப்பு நேரமும் உறக்கமும் உடலும் அந்தப் பத்தியில் அடங்கும். அது எழுதப்படாததால்தான் அவன் மிச்சம் பிடித்ததாக நம்புகிறான். நாமும் அவனைச் சிக்கனக்காரன் என்று மெச்சுகிறோம்.

இதைப் பெரிய பொருளாதார உதாரணங்களைக் கொண்டு விளக்கலாம். சிறு பொருள் ஒன்றைக் கொண்டு விளக்குவதே நல்லது என்று தோன்றுகிறது. அந்தப் பொருள் ஒரு துவக்குத் தோட்டா.

அவிசாவளை வழியாக ஹற்றனுக்கு ஏறும் வீதியும், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கிவரும் வீதியும் சந்திக்கும் இடம் கரவனெல்ல. களனி கங்கையின் கரை. சுற்றிலும் இறப்பர், எட்டியாந்தோட்டைக்கு மேலே ஏற ஏறத் தேயிலை. 1936-ல் என். எம். பெரேராவை ருவன்வெல்லவிலிருந்தும் பிலிப் குணவர்தனவை அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்கு அனுப்பிய பள்ளத்தாக்கு இதுவே என்பதால் நமது வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியன அல்ல. தோட்டத்தின் எல்லைக்கல் முடியும் இடத்தில் சிங்களக் கிராமத்தின் வளவு தொடங்குகிறது. மரவள்ளி, வாழை, கமுகு, தென்னம்பிள்ளை, பள்ளத்தில் ஒரு துண்டு வயல். லயத்துக்குப் பின்னால் தொழிலாளி கொத்திப் பண்படுத்திய கையளவு மண்ணிலும் அதே மரவள்ளிதான். இரவில் காட்டுப்பன்றி இறங்குகிறது. எல்லைக்கல்லின் எந்தப் பக்கம் எவனுடையது என்ற பேதம் அதற்கு இல்லை. ஒரு மந்தை புகுந்தால் ஆறு மாதம் வளர்த்த கிழங்கு ஓர் இரவில் போய்விடும்.

ஆகவே துவக்கு. துவக்குக்குத் தோட்டா. தோட்டாவுக்குக் காசு.

ஒரு தோட்டாவில் முக்கியமாக நான்கு பொருள்கள் உண்டு: கூடு, தீப்பற்றவைக்கும் கேப்பு, மருந்து, சன்னம். சுட்டபின் மூன்று போய்விடுகின்றன, கூடு மிஞ்சுகிறது. அதை எறிந்துவிடாமல் மீண்டும் நிரப்பினால் அடுத்த வெடி மலிவாகக் கிடைக்கும் என்ற எண்ணம் எந்த உழைப்பாளிக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியது. உலகின் பல பாகங்களில் இது சட்டம் ஏற்றுக்கொண்ட வழக்கம். ஐக்கிய அமெரிக்காவில் வெற்றுக் கூடுகளைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. அதற்கென்று அழுத்துப்பொறிகள் விற்கப்படுகின்றன, நுண்தராசுகள் விற்கப்படுகின்றன, மருந்துக் கம்பெனிகள் அளவுப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிடுகின்றன. பொறிக்கும் தராசுக்கும் போட்ட முதல் எத்தனை ஆயிரம் வெடிகளுக்குப் பிறகு திரும்பும் என்று அவர்கள் ஓயாமல் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கின் முடிவில் அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு. வெடியொன்றின் விலை குறைந்தது மெய். ஆனால் வெடிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஆகவே மாத முடிவில் பையில் மிச்சம் எதுவும் இல்லை. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் எழுதியது இதே விஷயம்தான்.

அந்தக் கணக்கில் அவர்கள் விட்டுவிடும் இனமும் ஒன்று உண்டு. பொறியின் முன் உட்கார்ந்திருக்கும் மணி நேரங்களுக்கு அவர்கள் விலை போடுவதில்லை. ஏன் போடவேண்டும்? அது அவர்களுக்கு ஓய்வு, மகிழ்ச்சி. வேலை முடிந்த மாலையில் ஒருவன் வீணை வாசிப்பது போல, இன்னொருவன் தச்சு வேலை செய்வது போல. அங்கே உழைப்பின் விலை பூச்சியம் என்று எழுதினால் அது நியாயமான பூச்சியம்.

கரவனெல்லப் பக்கத்துக் குடியானவனும் தன் நேரத்துக்குப் பூச்சியமே போடுகிறான். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் அவன் விடியுமுன் பால் வெட்டப் போனவன். பகலில் கூலிக்கு மண் வெட்டியவன். இரவில் குப்பி விளக்கின் அருகே உட்கார்ந்து சன்னம் எண்ணுகிறான். அவனுடைய நேரம் பூச்சியமாவது அதற்கு வாங்குபவன் இல்லாததால். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடுவதற்குப் பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021 வரை காத்திருக்கவேண்டியிருந்த நாட்டில், அதே எல்லையில் வாழ்பவன் தன் இரவு நேரத்துக்கு என்ன விலை கூறுவான்? சந்தை எவனுடைய பகலை மலிவாக வாங்குகிறதோ, அவன் தன் இரவை இனாமாகவே கொடுத்துவிடுகிறான்.

இனிச் சட்டத்தின் பக்கம். 1916-ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 1956-ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டப்படி உத்தரவின்றி மருந்து தயாரிப்பது குற்றம். சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. 1971 ஏப்ரலில் கேகாலை மாவட்டம் பட்டபாட்டை அறிந்த எவரும், வீட்டுக்கு வீடு மருந்து இடிக்கப்படவேண்டும் என்று வாதாடமாட்டார். ஆனால் பத்திரத்துடன் தோட்டா வாங்கப் போகிறவனுக்குத் தோட்டாவின் விலை கடையில் எழுதிப் போட்ட விலையோடு முடிவதில்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிசாரின் அறிக்கை, கச்சேரிக்குப் போகவர பஸ் செலவு, போன நாளின் கூலி. சந்தர்ப்பம் சரியில்லாவிட்டால் இரண்டாம் நாளின் கூலியும். சட்டப்படியான வெடி இவ்வாறு விலையேறி நிற்கும்போது சட்டவிரோதமான வெடி தானாகவே மலிந்துவிடுகிறது. பயிர்க்காவல் துவக்குக்கு விண்ணப்பிப்பவன் பயிரையும் காணியையும் காட்டவேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்பவனுக்குக் காட்டக் காணி ஏது? அவனுடைய மரவள்ளி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பயிரே அன்று. அவன் கம்பிச் சுருக்குப் போடுகிறான். அதில் பன்றியும் விழுகிறது, சிறுத்தையும் விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபானத் தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தபோது நாடே கண்ணீர் வடித்தது. கண்ணீர் தவறில்லை. சுருக்குப் போட்டவனுக்கு வேறு என்ன காவல் இருந்தது என்ற கேள்விதான் எழவில்லை.

கிராமத்தில் தோட்டாவே வேண்டாத துவக்கும் உண்டு. அதுதான் இடியன். வாய்வழியாக மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்து நிரப்பும் இந்தத் துவக்கில் ஒவ்வொரு வெடியும் வீட்டில் நிரப்பிய வெடியே. இது இழிந்த கைவேலையாகத் தொடங்கியதன்று. போர்த்துக்கேயரிடம் கண்ட துவக்கைத் தாமே செய்யக் கற்றுக்கொண்ட சிங்களக் கம்மாளரின் கைத்திறனைப் பகைவரே வியந்தனர். 1821-ல் தம் நூலை வெளியிட்ட ஜோன் டேவி என்ற படை வைத்தியர், மீமுறேக்கு அருகே வௌவால் எச்சம் படிந்த குகையொன்றில் வெடியுப்பு எடுக்கும் முறையை விரிவாக வருணித்துள்ளார். அந்நியனை எதிர்த்து நின்ற கண்டி இராச்சியத்தின் ஆயுதத் தொழில் அது. அதன் இன்றைய வாரிசு, நீர்க்குழாய்த் துண்டை வெட்டிச் செய்த ஒரு குழல். எந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று எவரும் சோதித்துப் பார்க்காத குழல். எவரும் நிறுத்துப் பார்க்காத மருந்து. அது எப்போதாவது பின்பக்கமாக வெடிக்கும். அப்போது செலவுப் பத்தியில் ஒரு விரலோ ஒரு கண்ணோ எழுதப்படுகிறது.

'மூலதனம்' மூன்றாம் பாகத்தில், 1894-ல் ஏங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்ட அந்த நூலில், ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் சிக்கனத்தைப் பற்றியது. முதலாளி இயந்திரத்திலும் கட்டிடத்திலும் காற்றிலும் வெளிச்சத்திலும் பிடிக்கும் மிச்சம், தொழிலாளியின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மார்க்ஸ் அங்கே தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைக் கொண்டே காட்டுகிறார். சுழலும் இயந்திரத் தண்டுகளுக்கு வேலியிடவேண்டும் என்ற சட்டத்தை எதிர்க்க மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் 1855-ல் சங்கமே அமைத்தார்கள். வேலியிடும் செலவை விடத் தொழிலாளியின் கை மலிவு. இந்த இடத்தில் வாசகர் நம்மை நிறுத்திக் கேட்கலாம்: 'ஆலையில் மிச்சம் பிடித்தவன் ஒருவன், கையிழந்தவன் வேறொருவன். வீட்டில் தோட்டா நிரப்புகிறவன் விஷயத்தில் இருவரும் ஒருவரே அல்லவா? தன் விரலைப் பணயம் வைத்துத் தன் காசை மிச்சம் பிடிக்க அவனுக்கு உரிமை இல்லையா?'

நியாயமான கேள்வி. 1859-ல் ஜோன் ஸ்டூவர்ட் மில் 'சுதந்திரம்' பற்றிய நூலில் தன் உடல்மீதும் மனத்தின்மீதும் தனிமனிதனே அதிகாரி என்று வாதிட்டார். பால் வெட்டுகிறவனின் விரல் அவனுக்கு மட்டும் சொந்தமா, அந்த விரலால் உண்ணும் வீட்டாருக்கும் சொந்தமா என்று நாம் எதிர்க்கேள்வி கேட்கலாம். வேறு வழியில்லாதவன் செய்வதைத் தெரிவு என்று அழைக்கலாமா என்றும் கேட்கலாம். என்றாலும் விவாதத்துக்காக மில்லின் கட்சியை ஏற்றுக்கொள்வோம். விரல் அவனுடையது, அவன் பாடு.

ஆனால் சிக்கனம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. தோட்டாவை மிச்சம் பிடித்தாயிற்று, மருந்தை மிச்சம் பிடித்தாயிற்று. இன்னும் ஒரு பெருஞ்செலவு மிஞ்சியிருக்கிறது: பன்றி வரும்வரை துவக்கோடு விழித்திருக்கும் மனிதன். அவனுடைய உறக்கத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. பன்றி வரும் தடத்தில் குழலைக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டு, அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இதுவே கட்டுத்துவக்கு. இதனினும் மலிவான காவல் உலகில் இல்லை. வீட்டில் நிரப்பிய வெடியின் கணக்கை அதன் இறுதிவரை கொண்டுபோனால் வந்து சேரும் இடம் இது.

பன்றியின் நெஞ்சுயரத்துக்குக் கட்டப்படும் குழல் மனிதனுக்கு முழங்காலுயரம். இலங்கை வைத்தியர்கள் இந்தக் காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது கால்தான்: நொறுங்கிய எலும்பு, மண்ணும் துருவும் புகுந்த புண், சில வேளைகளில் காலை எடுக்கும் சத்திரசிகிச்சை. இருட்டில் அந்தத் தடத்தில் நடப்பவர் யார்? இறப்பர் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்கு வடியும். அதனால் பால் வெட்டும் ஆணும் பெண்ணும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மலைக்கு ஏறுகிறார்கள். குறுக்குவழி எது என்று பன்றிக்கும் தெரியும், தொழிலாளிக்கும் தெரியும். பெரும்பாலும் இருவருக்கும் அது ஒரே வழி.

இங்கேதான் மில்லின் கட்சி உடைகிறது. தன் விரலைப் பணயம் வைத்தவன் இப்போது அயலவன் காலைப் பணயம் வைத்திருக்கிறான். ஈட்டில் இருப்பது பிறன் பொருள்.

இந்த வழக்கு நமக்கு முன்பே இங்கிலாந்தில் நடந்து முடிந்தது. அங்கே கட்டுத்துவக்கு வைத்தவர்கள் நிலப்பிரபுக்கள்; வேட்டைக் காட்டில் முயல் பிடிக்க வரும் ஏழைகளுக்காக வைத்தார்கள். 1820-ல் ஐலொட் என்பவன் தொடுத்த வழக்கில், துவக்கு வைத்திருப்பது தெரிந்தும் நுழைந்தவன் தன் காயத்துக்குத் தானே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிட்னி சிமித் என்ற பாதிரியார் 'எடின்பரோ றிவியூ' ஏட்டில் இதைக் கடுமையாகச் சாடினார். ஒரு முயலுக்காக மனிதனைத் தூக்கிலிட எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லாதபோது, மரத்தில் கட்டிய இரும்புக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதே விவாதத்தின் சாரம். 1827-ல் பாராளுமன்றம் இரவில் வசிப்பிடக் காவலுக்கு மட்டும் விலக்களித்து, மற்றபடி அவற்றைத் தடை செய்தது. மறு ஆண்டு தீர்ப்பான வழக்கொன்று சுவையானது. ஒருவன் தன் துலிப் மலர்த் தோட்டத்தில் துவக்குக் கட்டியிருந்தான். அயல்வீட்டுப் பெண்மயில் மதிலைத் தாண்டிப் பறந்துவிட, அதைப் பிடித்துக் கொடுக்க ஏறிய பத்தொன்பது வயது இளைஞனின் காலில் வெடி பாய்ந்தது. பூவைக் காக்க வைத்த துவக்கு, பறவைக்கு உதவப்போன பையனைச் சுட்டது. நீதிமன்றம் பையனின் பக்கம் நின்றது.

நமது கிராமங்களில் இன்றும் சொல்லப்படுவது 1820-ஆம் ஆண்டின் வாதமே. 'கட்டியிருப்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் அந்தப் பக்கம் போனான்?' தெரிந்திருத்தல் வேறு, சம்மதித்தல் வேறு என்பதை அறவியல் படிக்கும் மாணவர் இந்த ஓர் உதாரணத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். பிரட்டுக்குப் பிந்தினால் அரை நாட்பேர். சுற்றுவழி போனால் மரம் குறையும், மரம் குறைந்தால் பால் குறையும், பால் குறைந்தால் கைக்காசு குறையும். அபாயத்தை அறிந்தும் நடப்பவன் அபாயத்தை ஏற்றுக்கொண்டவன் அல்லன். அறியாதவன்போல் நடக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவன். நீர்க்கொடிய சேற்றில் இறங்கும் உழவன் அட்டைக் கடிக்குச் சம்மதித்தான் என்று யாரும் சொல்வதில்லையே.

பன்றி யாருடையது என்ற கேள்விக்கும் வரவேண்டும். 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தவனின் சேனையையும் காட்டையும் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. அதே காலத்தில் வெள்ளையர்க்கு வேட்டை ஒரு விளையாட்டு. 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் றொஜர்ஸ் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். அந்தத் தோட்டாக்களின் விலையை எவரும் கணக்கிட்டுக் கவலைப்படவில்லை. பின் தோட்டங்கள் 1972-லும் 1975-லும் அரசுடைமையாகி, 1992-ல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. மறுநடுகை செய்யப்படாமல் பற்றைக் காடாகிய துண்டுகளில் பன்றி குட்டி போடுகிறது; கிராமத்து மரவள்ளியில் மேய்கிறது. கம்பெனியின் பேரேட்டில் அந்தப் பற்றைக்குச் செலவே இல்லை. செலவு எல்லைக்கல்லைத் தாண்டி விழுகிறது. அரசும் இதை அறியாததன்று. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் பயிரை அழிக்கும் காட்டுயிர்கள் எண்ணப்பட்டன. பகல் எட்டு மணிக்குப் பன்றி எங்கே நிற்கும் என்பதைக் கரவனெல்லச் சிறுவனும் சொல்வான்.

இந்த இடத்தில் நம்மைப் போன்றோர்க்கு ஒரு சபலம் உண்டு. அமைப்பே குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிடும் சபலம் அது. அமைப்புக் குற்றவாளிதான். ஆனால் கம்பியை இழுத்துக் கட்டிய கை ஒரு மனிதனின் கை. அவன் ஏழை என்பது அவன்மீது நம் கோபத்தைத் தணிக்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில் காலை இழந்தவளும் ஏழையே என்பதை மறக்கச் செய்யக்கூடாது. ஒருவன் சிங்களம் பேசுகிறான், ஒருத்தி தமிழ் பேசுகிறாள்; சில வேளைகளில் மறுபக்கமாக. இருவரையும் ஒரே பன்றி உண்கிறது, ஒரே விலையேற்றம் உண்கிறது. அவர்களிடையே இழுக்கப்பட்ட கம்பியைப் பார்த்து மகிழக்கூடியவர் எவரும் அவ்விருவரில் இல்லை. பசித்தவனின் மிச்சம் பசித்தவளின் காலிலிருந்து எடுக்கப்படுமானால், அதை வறுமையின் விளைவு என்று விளக்கலாம். நியாயம் என்று ஏற்கமுடியாது. விளக்கத்தையும் நியாயத்தையும் குழப்பிக்கொள்வது இடதுசாரிச் சிந்தனைக்கு ஒருபோதும் பெருமை சேர்த்ததில்லை.

பொலிசார் வந்து குழல்களைப் பிடுங்கிச் சென்றால் அடுத்த போகத்துக்குள் புதுக் குழல்கள் முளைத்துவிடும். மரவள்ளி இருக்கும்வரை பன்றி வரும். வேறு கணக்கு வேண்டும். உலர்வலயக் குளத்துக் கிராமங்களில் பழைய முறை ஒன்று இருந்தது. வயலைச் சுற்றிய வேலி பொதுவேலி. எவனுக்கு எத்தனை பங்கு நிலமோ அத்தனை பங்கு வேலியை அவன் கட்டிக் காக்கவேண்டும். ஒருவன் வேலி விழுந்தால் எல்லார் வயலும் அழியும் என்பதால் அவன் எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டியவன். 1958-ல் பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் உழுபவர்களின் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தபோது இத்தகைய வயற்காரியங்களே அவற்றின் பொறுப்பாயின. ஆனால் அந்தச் சட்டம் வயலோடு நின்றுவிட்டது. மேட்டுநிலத்து மரவள்ளிக்கும் வாழைக்கும் குழு இல்லை, பொதுவேலி இல்லை, முறைவைத்த காவல் இல்லை. அவனவன் வளவுக்கு அவனவன் குழல்.

முறைக்காவலுக்கு ஆள் விழித்திருக்க வேண்டும், அந்த இரவுக்கு யார் கூலி கொடுப்பது என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வியே. இத்தனை காலமாக அந்த இரவுக்குப் பூச்சியம் என்று எழுதிவந்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம். பொதுவில் தோட்டா வாங்கிப் பொதுவில் காக்கும் சங்கம், பத்திரத்துக்கு ஒருவர் சென்றால் ஊருக்கே போதும் என்ற ஏற்பாடு, லயத்து மரவள்ளியையும் பயிர் என்று ஏற்கும் அலுவலகம் ஆகியவை புரட்சி வரும்வரை காத்திருக்கவேண்டியவை அல்ல. வேலியைப் பொறுத்தவரை, பங்குக்கேற்ற வேலி என்ற பழைய விதியைக் கரவனெல்லவின் எல்லைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு பக்கம் அரை ஏக்கர்க்காரர் நாற்பது பேர். மறுபக்கம் நூற்றுக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனி. ஒவ்வொருவர் தலைக்கும் எத்தனை முழம் வேலி வரும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவரிடம் கணக்காகக் கொடுக்கலாம். விடையைத் தோட்டக் காரியாலயத்துக்கு எடுத்துச் செல்வதற்குப் பெரியவர்கள் வேண்டும்.